இளநீர் வெட்டிக் கொடுத்தவர்

நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் சுகாதார நிலையத்தில் தாதியாகப் பணி செய்த தம்பையாவை ஊரார் ‘பிரதர்’ என்றே அழைத்தார்கள். பெண் தாதி சிஸ்டர் என்றால் ஆண் தாதி பிரதர். மருத்துவமனைகளில் அது பழைய வழக்கம். ரப்பர் தோட்டத்துப் பெண்களுக்கு அந்தச் சொல் மிகவும் வசதியாக அமைந்துவிட்டது. கூடப் பிறந்தவனிடம் புண்ணைக் காட்டுவதற்கு என்ன வெட்கம் என்று ஒருத்தி மற்றொருத்திக்குச் சொல்ல, அவள் இன்னொருத்திக்குச் சொல்ல, ஆண் தாதி என்பது அந்தத் தீவில் யாருக்கும் வியப்பளிக்காத செய்தியாகிவிட்டது.

தொடக்கத்தில் அப்படி இருக்கவில்லை. இலங்கையின் மலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்து கச்சாலில் குடியமர்த்தப்பட்ட குடும்பம் தம்பையாவுடையது. தாதிப் பயிற்சிக்காக மெயின்லேண்டுக்கு, இந்தியப் பெருநிலத்துக்கு, போகிறேன் என்று அவர் சொன்னபோது, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த தந்தை தலை நிமிராமலே, “பீச்சட்டி தூக்கிறதுக்கா ஒன்னயப் பன்னெண்டாவது வரைக்கும் படிக்க வச்சேன்?” என்று கேட்டார். மகன் வெள்ளைச் சட்டையோடு திரும்பி வந்து, அதே தந்தையின் காலில் ஆறாதிருந்த சர்க்கரைப் புண்ணைக் கழுவிக் கட்டத் தொடங்கிய பிறகு அந்தக் கேள்வி அந்த வீட்டில் எழவில்லை.

கட்டுப் பிரிப்பதில் தம்பையாவுக்கென்று ஒரு முறை இருந்தது. காய்ந்து ஒட்டிக்கொண்ட துணியை எடுப்பதற்கு முன் ஏதேனும் ஒரு வேடிக்கைக் கதையைத் தொடங்குவார். கதை சிரிப்பில் முடியும் இடத்தில் துணியும் கையோடு வந்துவிடும். சிரிக்கிற உடம்பு வலியைச் சற்றுத் தாமதமாகத்தான் உணர்கிறது என்பது அவர் கண்டறிந்த உண்மை. பெரும்பாலும் தம்மையே கோமாளியாக்கிக்கொண்டு சொல்லும் கதைகள் அவை. மருத்துவப் பெட்டியில் கத்தரியும் இடுக்கியும் இருப்பதுபோல அந்த வேடிக்கையும் அவருக்கு ஒரு கருவியாக இருந்தது. கத்தரியை யார் கையிலும் அவர் கொடுத்துவிட்டுப் போனதில்லை. வேடிக்கையைப் பற்றி அவ்வளவு எச்சரிக்கை அவருக்கு இருக்கவில்லை.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு டிசம்பரில் கடல் ஊருக்குள் ஏறி வந்த ஞாயிற்றுக்கிழமை, மேட்டு ரப்பர்க் காட்டுக்கு ஓடிப் பிழைத்தவர்களில் தம்பையாவும் ஒருவர். பால் வெட்டும் தொழிலாளி முனியாண்டியின் மனைவி கருப்பாயியும் அங்கே இருந்தாள். நிறைமாதம். ஓடிய ஓட்டத்தில் நண்பகலுக்கெல்லாம் அவளுக்கு வலி எடுத்துவிட்டது. மருத்துவர் பக்கத்துத் தீவான கமோர்ட்டாவில் இருந்தார். சுகாதார நிலையம் இருந்த இடத்தில் கடல் இருந்தது. மருத்துவம் அறிந்தவர் என்று அந்த மேட்டில் தம்பையா ஒருவர்தாம்.

குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. முனியாண்டி எங்கிருந்தோ பறித்துக்கொண்டு வந்த இளநீர்க் காய்களை வெட்டி, தம்பையா அவளுக்குச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தார். மாமியார்க் கிழவி மருமகளின் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். மற்றப் பெண்கள் தங்கள் முந்தானைகளைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். வலிக்கும் வலிக்கும் இடையில் கருப்பாயி அவரைப் பார்த்து, “கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க, பிரதர்” என்றாள். “சரி தாயீ, மூடிக்கிட்டேன்” என்றார் தம்பையா. அந்த நிலையிலும் மறைப்புக்கு வெளியே நின்ற ஒரு பெண் சிரித்துவிட்டாள், கருப்பாயியும் சிரித்தாள், சிரித்த அந்தக் கணத்தில் அவள் உடம்பு இளகிக் கொடுத்தது.

பெண் குழந்தை. தீயில் வாட்டிய பால்கத்தியால் தொப்புள்கொடியை வெட்டினார். சட்டையைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றினார். ஆனால் நஞ்சுக்கொடி இறங்கவில்லை. இரத்தம் நிற்காமல் போயிற்று. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தையும் கிழித்து மடித்து வைத்து, மாலை சாயும்வரை அவள் அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். நஞ்சு இறங்கி இரத்தம் நின்றபோது அவருடைய உடம்பில் உள்ளாடை தவிர வேறு துணி இல்லை. மாமியார்க் கிழவி தன் மூட்டையிலிருந்து ஒரு நைட்டியை எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் நிறத்தில் பெரிய பெரிய சூரியகாந்திப் பூக்கள் போட்ட நைட்டி. மீட்புக் கப்பல் வரும்வரை அதை அணிந்துகொண்டுதான் காயம்பட்டவர்களுக்கெல்லாம் அவர் கட்டுப் போட்டார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர்கூட அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கப்பல் அவர்களைப் போர்ட்பிளேயருக்குக் கொண்டுபோய் நிவாரண முகாமில் இறக்கியது. அங்கேதான் ஜஸ்டின் தம்பையாவின் கைக்கு வந்து சேர்ந்தான். தென்கோடிக் கடற்கரையிலிருந்து தீவுகளுக்கு வந்த மீனவக் குடும்பத்துப் பையன். இருபது வயதைச் சற்றே தாண்டியவன். அலையில் வந்த தகரம் ஒன்று அவன் கெண்டைக்காலை எலும்பு தெரியக் கிழித்திருந்தது. காலை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு மருத்துவர் சொல்ல, இன்னும் சில நாள் பார்க்கலாம் என்று மன்றாடி வாங்கிக்கொண்டவர் தம்பையா. நாள்தோறும் காலையும் மாலையும் அந்தப் புண்ணைக் கழுவினார். கட்டுப் பிரிக்கும்போது அவன் முகாமே நடுங்கும்படி அலறுவான். ஆகவே அவர் அவனுக்குக் கதைகள் சொன்னார். கையிலிருந்த கதைகளெல்லாம் தீர்ந்துபோன ஒரு காலையில் சூரியகாந்தி நைட்டியின் கதையைச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னதையும் சொன்னார். ஊரையும் பேரையும் சொல்லவில்லை. ஜஸ்டின் கண்ணில் நீர் வரச் சிரித்தான், கட்டு வந்துவிட்டது. கால் பிழைத்தது. மெல்லிய நொண்டல் ஒன்று மட்டும் மிஞ்சியது.

அதன்பின் அவர்கள் உற்ற நண்பர்கள் ஆனார்கள். கடலுக்குப் போக அஞ்சிய ஜஸ்டின் போர்ட்பிளேயரின் பத்துபஸ்தியில் வீடியோ கடை வைத்தான். கல்யாணங்களைப் படம்பிடித்தான், பிறகு உள்ளூர்க் கேபிளுக்குச் சிறு சிறு நகைச்சுவைப் படங்களும் எடுக்கலானான். கச்சாலில் புதிதாகக் கட்டிய நிலையத்தில் பணிக்குத் திரும்பிவிட்ட தம்பையா போர்ட்பிளேயருக்கு வரும்போதெல்லாம் அவன் கடையில்தான் பெட்டியை வைப்பார். “எங்கால் இவருக்குச் சொந்தம்” என்று வருகிறவர்களிடமெல்லாம் ஜஸ்டின் அவரைக் காட்டிச் சொல்வான்.

சில ஆண்டுகள் கழித்து, விடுப்பு முடிந்து தம்பையா கச்சாலுக்குக் கப்பல் ஏறினார். நிக்கோபார் போகும் கப்பல்களில் பயணிகள் கூடத்தில் ஒரு தொலைக்காட்சி இருக்கும். யாராவது ஒரு குறுந்தகட்டைக் கொடுத்தால், கரை தெரியும்வரை அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். கடலில் வேறென்ன பார்ப்பது? அன்று கூடத்திலிருந்து சிரிப்பொலி அலையலையாக வந்துகொண்டிருந்தது. தம்பையாவும் எட்டிப் பார்த்தார்.

திரையில் ஒரு மலைமேடு. பெரிய சூரியகாந்திப் பூக்கள் போட்ட மஞ்சள் நைட்டியில் மீசை வைத்த ஒருவன் இடுப்பை ஒடித்து நடந்து வந்தான். தலையில் தாதியின் வெள்ளைத் தொப்பி. பெயர் ‘சிஸ்டர் சிங்காரம்’. சேலை கட்டிய இன்னோர் ஆண் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்து, “கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க, பிரதர்” என்று கீச்சுக்குரலில் கத்தினான். சிங்காரம் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிப் போய்த் தென்னை மரத்துக்குப் பிரசவம் பார்த்தான். கூடம் குலுங்கியது. மொழி தெரியாத வங்காளிகளும் சிரித்தார்கள். அந்தக் காட்சிக்கு மொழி தேவைப்படவில்லை. முடிவில் பெயர்கள் ஓடின. எழுத்து, இயக்கம்: ஜஸ்டின்.

தம்பையா கதவருகிலேயே நின்றார். கூடத்தில் கச்சால்காரர்கள் பாதிப்பேர். அவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டினார். பார்வைகள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து கதவுக்கு வந்தன. சிரிப்பு நின்று, மீண்டும், முன்னிலும் பலமாக எழுந்தது. நைட்டியில் அவரைக் கண்ணால் கண்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர் போட்ட கட்டினால் பிழைத்தவர்களும் இருந்தார்கள்.

ஒரு காட்டில், கொக்கு நடப்பதை மைனா நடித்துக் காட்டியதாம். கழுத்தை அளவுக்கு மீறி நீட்டி, காலை அளவுக்கு மீறித் தூக்கி அது நடக்க, மிருகங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. மறுநாள் கொக்கு தன்பாட்டில் இரை தேடி நடந்து போயிற்று. அதைப் பார்த்த முயல், “மைனா அளவுக்கு உனக்குக் கொக்கு நடை வரவில்லையே” என்றது. அன்றிலிருந்து அந்தக் கொக்கினால் எந்தக் குளத்தங்கரையிலும் காலை நிம்மதியாகத் தூக்கி வைக்க முடியவில்லை.

தம்பையா கரையிறங்குவதற்கு முன்பே சிங்காரம் ஊருக்குள் இறங்கிவிட்டிருந்தான். முதலில் வந்தவை தோழமையான கிண்டல்கள்தாம். இளைஞர்கள் வழியில் கண்டால் இடுப்பை ஒடித்துக் காட்டினார்கள். ஊசி போட வந்தவர்கள் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். அவரும் சிரித்துக் கொடுத்தார். பிறகு பெண்கள் வருவது குறைந்தது. சுகாதார நிலையத்தில் சிஸ்டர் பதவி வெகுநாளாகக் காலியாக இருந்ததால் கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பதும் அவர் வேலைதான். நேற்றுவரை கூடப் பிறந்தவனாக இருந்தவர் இன்று ஆம்பளையாகிவிட்டார். ஆம்பளையாகவாவது விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. ஆம்பளை செய்கிற வேலையா இது என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். பரிசோதனைக்கு வந்த ஒருத்தியின் கணவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். காய்ச்சலில் கிடந்த கிழவர் ஒருவர்கூட, டாக்டர் வரட்டும், நான் காத்துக்கிடக்கிறேன் என்றார். சிஸ்டர் சிங்காரத்தைப் படைத்தவன் கச்சாலில் கால் வைத்தவன்கூட இல்லை. ஆனால் தம்பையா யார் என்பதை முடிவு செய்கிறவன் அவனாகிவிட்டான்.

எல்லாரையும்விடப் பெரிய துன்பம் கருப்பாயிக்கு நேர்ந்தது. அந்த வாசகம் யாருடையது என்று மறைப்புக் கட்டிய பெண்களுக்குத் தெரியும். அவர்கள் வாயிலிருந்து ஊருக்கும் தெரிந்துவிட்டது. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பின்னாலிருந்து யாராவது கீச்சுக்குரலில் கண்ணை மூடச் சொன்னார்கள். பால் வெட்டப் போன இடத்தில் முனியாண்டியிடம் ஒருவன் அதையே சொல்லி, அது கைகலப்பில் முடிந்தது. மேட்டில் பிறந்த மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. கருப்பாயி மறுபடியும் நான்கு மாதக் கர்ப்பம். பரிசோதனைக்கு அவள் வரவே இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு கல்யாணத்தைப் படம்பிடிக்க ஜஸ்டின் கச்சாலுக்கு வந்தான். இறங்குதுறையில் பையன்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் நேரே சுகாதார நிலையத்துக்கு வந்து, சற்றே நொண்டியபடி படியேறி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு தம்பையாவைத் தழுவ வந்தான். அவன் முகத்தில் குற்ற உணர்வின் நிழல்கூட இல்லை. தம்பையாவை அதிகமாகத் தைத்தது அதுதான்.

அவர் நடந்தவற்றைச் சொன்னார். பெண்கள் வருவதில்லை என்பதையும், ஒரு பெண் குழாயடிக்குப் போக அஞ்சுகிறாள் என்பதையும் சொல்லி, குறுந்தகட்டைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டார். அது முடியாது, நகலுக்கு நகல் போய்விட்டது, கப்பல்காரர்களே எடுத்துக்கொள்கிறார்கள் என்றான் ஜஸ்டின். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“ஒன்ன உள்ளபடி காட்டுனா எவம் பாப்பான், மக்கா?” என்றான். “பொம்பள டாக்டருன்னா கோவக்காரி, நர்ஸுன்னா சின்னப் பொண்ணு, ஆம்பள நர்ஸுன்னா சிரிப்பு. சனங்க அத மனசுல வச்சுக்கிட்டுதான் வந்து ஒக்காருது. நானா புதுசா கண்டுபிடிச்சேன்? டிவியில எல்லாவனும் காட்டுறதுதான.”

“அது நாந்தானே, ஜஸ்டின். டிவியில வர்ற எவனோ இல்லியே.”

“நீதாம் மக்கா சொல்லிக் குடுத்த, சிரிச்சா வலி தெரியாதுன்னு.”

“அன்னைக்கு வலி ஒன்னோடது” என்றார் தம்பையா.

ஜஸ்டினுக்கு முதன்முதலாகக் கொஞ்சம் சங்கடமாயிற்று. காலை நீட்டி, தழும்பைத் தடவினான். பிறகு முகம் மலர்ந்து ஒரு பரிகாரம் சொன்னான். இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறானாம். அதில் சிங்காரத்தைப் பெரிய வீரனாகக் காட்டிவிடுவானாம். ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்கும். கடத்தல்காரர்கள் கப்பலில் வந்து இறங்குவார்கள். அப்போது சிங்காரம் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி வீசிவிட்டுத் துப்பாக்கியை எடுப்பான். “கடைசியில பாத்தா அவன் போலீஸ் ஆபீசர், மக்கா. நர்ஸா இருந்ததெல்லாம் வேசம். கைதட்டு எப்படி விழும்னு பாரு.”

தம்பையா அவன் முகத்தைப் பார்த்தார். அவன் கேலி செய்யவில்லை. தன் காலைக் காப்பாற்றியவருக்குத் தன்னால் இயன்ற மிகப்பெரிய மரியாதையைச் செய்ய முன்வருகிறான். அந்த மரியாதைக்கும் தம்பையா தாதியாக இல்லாமல் இருக்க வேண்டியிருக்கிறது. அவர் எழுந்து, புண் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று பொய் சொல்லி உள்ளே போனார். அதற்குப் பின் பத்துபஸ்திக் கடையில் அவருடைய பெட்டி வைக்கப்படவில்லை.

குடியிருப்புக் குழுவின் தலைவர் அழகர்சாமி நியாயமான மனிதர். ஆனால் கூட்டத்தின் பேச்சுக்கு எதிராக நிற்கும் வழக்கம் அவருக்கு இல்லை. பெண்களின் மானம் கருதி ஆண் தாதியை மாற்றி, பெண் தாதியை அனுப்ப வேண்டும் என்று குழு விண்ணப்பம் அனுப்பியது. அதை விசாரிக்கப் போர்ட்பிளேயரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வடநாட்டுக்காரர். சமுதாயக் கூடத்தில் ஊரைக் கூட்டி, தீவுகளின் பொது இந்தியில் ஒவ்வொருவராகக் கேட்டார். தம்பையா தவறாக நடந்ததுண்டா? இல்லை. மருத்துவத்தில் குறை உண்டா? இல்லை. பிறகு என்ன? எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ அடங்கிய கீச்சுக்குரலில் அந்த வாசகத்தைச் சொல்ல, கூடத்தில் சிரிப்புப் பரவியது. அதிகாரிக்குப் புரியவில்லை. அழகர்சாமி விளக்கியதும் அவர் முகத்திலும் ஒரு புன்னகை வந்து, உடனே மறைந்தது.

அவர் கெட்டவர் அல்லர். ஒரு வழி சொன்னார். கடல் ஏறிய நாளில் இந்த மனிதர் ஒரு பெண்ணைக் காப்பாற்றியதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பெண்ணே முன்வந்து, ஆமாம், இவர் எனக்குப் பிரசவம் பார்த்தார், எனக்கு இவரிடம் குறையில்லை என்று சொன்னால் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றார்.

தலைகள் கருப்பாயியின் பக்கம் திரும்பின. அவள் எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். பக்கத்தில் முனியாண்டி எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பையா அவளை நோக்கி லேசாகத் தலையசைத்தார். பயப்படாதே என்கிற அசைப்பு. அவள் சொல்லிவிடுவாள் என்றுதான் அவர் நம்பினார். இரத்தம் நிற்கும்வரை அவருடைய மணிக்கட்டைப் பற்றிக்கொண்டிருந்த கை அவளுடையது.

“எங்க அத்தைதான் பாத்தாங்க” என்றாள் கருப்பாயி. “செத்துப்போன எங்க அத்தை. இவரு எளநி வெட்டிக் குடுத்தாரு. அம்புட்டுத்தான்.”

அன்று முந்தானையைப் பிடித்து மறைத்து நின்ற பெண்கள் இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்திகூட நிமிரவில்லை. அதிகாரி தம்பையாவைக் கேட்டார்: இந்தப் பெண் சொல்வது உண்மையா?

மறுத்துப் பேச அவரிடம் எல்லாம் இருந்தது. அந்தப் பிரசவத்தில் இருந்தவனுக்கன்றி வேறெவருக்கும் தெரிய முடியாத செய்திகள் இருந்தன. அவள் உடம்பைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் சொன்னால் போதும், அதிகாரி நம்பிவிடுவார். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களும் மறுநாள் குழாயடியில் இருக்கும். வாயைத் திறந்தபோது அவருக்குக் கசந்தது. அது பெருந்தன்மை அல்ல. இத்தனை பேருக்கு நடுவில் தாம் ஒருவர்தான் இன்னும் தாதியாக இருக்கிறோம் என்கிற கோபம்.

“ஆமாங்க சார்” என்றார். “நான் எளநிதான் வெட்டிக் குடுத்தேன்.”

கருப்பாயி உட்கார்ந்தாள். நன்றியோ வருத்தமோ அவள் முகத்தில் தெரியவில்லை. உட்கார்ந்தவள் அவருக்கு முதுகு தெரியும்படி முழுவதுமாகத் திரும்பிக்கொண்டாள்.

போர்ட்பிளேயரில் மருந்துக் கிடங்கு ஒன்றுக்குத் தம்பையாவை மாற்றி உத்தரவு வந்தது. பெட்டிகளை இறக்கி, ஏற்றி, அடுக்கி வைக்கும் வேலை. அது ஆம்பளைக்கு ஏற்ற வேலை என்று அழகர்சாமி ஆறுதலாகவே சொன்னார். எவரும் கொடுமை செய்துவிட்டதாக நினைக்கவில்லை. வழியனுப்பச் சிலர் முறுக்கும் கருவாடும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார்கள், அவர் வாங்கிக்கொண்டார்.

அவர் போக வேண்டிய கப்பலிலேயே புதிய சிஸ்டர் வந்து இறங்கினாள். பெயர் ஆக்சிலியா, போர்ட்பிளேயருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டில் வளர்ந்த மீனவர் வீட்டுப் பெண். அவள் இறங்கிய செய்தி பரவியதும், ஊரில் அதுவரை இல்லாத தலைவலியும் நெஞ்செரிச்சலும் இளைஞர்களுக்கு வந்து, சுகாதார நிலையத் திண்ணையை நிறைத்துவிட்டன. அவள் அவர்களைக் கடந்து உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தம்பையா தம் பெயரைச் சொன்னார். அவள் உதடு தன்னையறியாமல் சிரிப்பில் விரிந்தது. கப்பலில் அவளும் பார்த்திருந்தாள். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மன்னிச்சிருங்க அண்ணே” என்றாள். “கப்பல்ல ரெண்டு பேரு எங்கிட்டயும் கைய நீட்டி, நாடி பாருங்க சிஸ்டர்னு ஒரே ரோதனை. அவனுவள வஞ்சிட்டுத்தான் வாறேன். இப்ப நானே சிரிக்கேன் பாருங்க.”

தம்பையா அலமாரியைத் திறந்தார். மருந்துகளையும் கருவிகளையும் ஒப்படைத்தார். கர்ப்பிணிகளைப் பற்றி ஒவ்வொருவராகச் சொன்னார்: யாருக்கு இரத்த அழுத்தம், யாருக்கு இரத்தச்சோகை, யார் மாத்திரையை விழுங்காமல் எறிந்துவிடுவாள். கருப்பாயியின் முறை வந்தது. சன்னலுக்கு வெளியே கப்பல் ஊதியது.

“முனியாண்டி பொஞ்சாதி, கருப்பாயி. இது ரெண்டாவது. மொதப் பிரசவத்துல நஞ்சு எறங்கல. ரெத்தம் நிக்காமப் போய், சாயந்தரம் வரைக்கும் கையால அழுத்திப் பிடிக்க வேண்டியதாப் போச்சு. இந்தத் தடவையும் அப்பிடி வரலாம். எட்டாம் மாசமே கப்பல் ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருங்க. வரமாட்டேன்னு சொல்லும். விடாதீங்க.”

ஆக்சிலியா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு அவள் நெற்றி சுருங்கியது. இறங்குதுறையிலேயே ஊர்க்கதை அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். “அந்தப் பிரசவத்த அவங்க மாமியாருல்ல பாத்தாங்கன்னு சொன்னாவ? கையால அழுத்துனது ஒங்களுக்கு எப்படி...” என்று தொடங்கி, அவரை நிமிர்ந்து பார்த்து, பாதியில் நிறுத்தினாள்.

“மாமியார்க் கெழவி சாவுறதுக்கு முந்தி எங்கிட்டச் சொன்னாங்கன்னு வச்சுக்குங்க” என்றார் தம்பையா. “கேட்டா அப்பிடியே சொல்லுங்க.”

கப்பல் இரண்டாம் முறை ஊதியது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். திண்ணையில் நாடி பார்க்கக் காத்திருந்த இளைஞர்கள் அவருக்கு வழிவிட்டுச் சற்று ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.